பழைய பிக்கப்: சாவியை விட்டதும் அணையும் எஞ்சின், தப்பாகக் காட்டும் முள்

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் கேட்ட இக்னிஷன், மீட்டர் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாமே கார்புரேட்டர் காலத்து வண்டிகள். ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், தீப்பொறி பார்க்கும் டெஸ்டர் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் போதும். தயவுசெய்து அளந்து பார்க்காமல் புதுச் சாமான் வாங்காதீர்கள்.

கேள்வி: செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிடிக்கிறது. சாவியை விட்ட அடுத்த நொடி அணைந்துவிடுகிறது. பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, காயிலின் கரண்டை வெட்டும் தொடுமுனை) வைத்த வண்டி. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தும் பலனில்லை அண்ணே.

கார்புரேட்டரை விடுங்கள் தம்பி, இது கரண்ட் சமாச்சாரம். தீப்பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜை உண்டாக்கும் உங்கள் காயிலுக்குக் கரண்ட் இரண்டு வழியில் வருகிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் 10 வரை இறங்கிவிடும் என்பதால், அந்த நேரத்துக்கு மட்டும் காயிலுக்கு நேரடியாகக் கொடுப்பார்கள். சாவியை விட்டதும் அந்த வழி அடைபட்டு, கரண்டை மட்டுப்படுத்தும் பேலஸ்ட் ரெசிஸ்டர் வழியாக வரும் கரண்டில்தான் எஞ்சின் ஓட வேண்டும். உங்களுக்கு இந்த இரண்டாவது வழி எங்கோ அறுந்திருக்கிறது.

ரெசிஸ்டர் பெரும்பாலும் எஞ்சின் அறையின் பின்சுவரில் வெள்ளைப் பீங்கான் கட்டையாக இருக்கும். சில வண்டிகளில் கட்டை இருக்காது, ஒயரே ரெசிஸ்டராக வேலை செய்யும். கனெக்ஷனைக் கழற்றிவிட்டு ஓம் அளந்து பாருங்கள். 1 முதல் 2 ஓம் வரை இருந்தால் நல்லது. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. அது நன்றாக இருந்தால், சாவியை ஆன் நிலையில் வைத்து, ரெசிஸ்டருக்குள் கரண்ட் நுழையும் பக்கம் எத்தனை வோல்ட் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு ஒயர் போட்டு ரெசிஸ்டரைத் தாண்டிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். சோதிப்பதற்கு ஒரு நிமிடம் செய்யலாம். அப்படியே விட்டால் காயில் சூடேறும், பாயின்ட் கருகும்.

கேள்வி: அளந்தேன் அண்ணே. ரெசிஸ்டர் 1.4 ஓம். ஆனால் நுழையும் பக்கம் 6 வோல்ட்தான். பேட்டரியில் 12.5 இருக்கிறது.

அருமையாக அளந்திருக்கிறீர்கள். ரெசிஸ்டருக்கு வருவதற்கு முன்பே ஆறரை வோல்ட் வழியில் போகிறது. அது எங்கே போகிறது என்று பிடிப்பதுதான் மிச்ச வேலை.

முதலில் எஞ்சினைச் சுற்றி பாயின்ட் மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பாயின்ட் திறந்திருந்தால் கரண்ட் ஓடாது, பழுதான இடமும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். அப்புறம் மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள். கறுப்பு முனையை ரெசிஸ்டருக்குள் கரண்ட் நுழையும் பக்கத்தில் தொட்டால் ஆறரை காட்டும். அங்கிருந்து ஒவ்வொரு கனெக்ஷனாகப் பின்னால் வாருங்கள்: பின்சுவர் கனெக்டர், இக்னிஷன் ஸ்விட்ச், ஸ்விட்சுக்கு வரும் ஒயர். எந்த இடத்தைத் தாண்டியதும் அந்த ஆறரை வோல்ட், அரை வோல்டுக்குக் கீழே விழுகிறதோ, பழுது அங்கேதான். பின்சுவர் கனெக்டரைக் கழற்றினால் பழுப்பேறிய உலோக முனை ஒன்று கிடைக்க நிறைய வாய்ப்பு உண்டு. அளக்கும்போது சாவியை அதிக நேரம் ஆனில் வைக்காதீர்கள், பாயின்ட் மூடியிருப்பதால் காயில் சூடாகும்.

கேள்வி: எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டி. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு திடீரென்று நின்றுவிடுகிறது. ஆறியதும் எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. மாட்யூலை மாற்றிவிடட்டுமா?

மாற்றாதீர்கள், இப்போதைக்கு. மாட்யூல் என்பது பாயின்ட்டுக்குப் பதிலாகக் காயிலின் கரண்டை வெட்டும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச். நின்ற அந்த நிமிடத்தில் சோதித்தால்தான் உண்மை தெரியும், அதனால் டெஸ்டரை வண்டியிலேயே வைத்திருங்கள். நின்றதும் பிளக் ஒயரில் மாட்டி செல்ஃப் அடியுங்கள். தீப்பொறி நன்றாக வந்தால் பெட்ரோல் பக்கம் போய்த் தேடுங்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைத்தாலும் இதே அறிகுறிதான்.

தீப்பொறி இல்லையா? காயிலின் பாசிட்டிவில் கரண்ட் இருப்பதை உறுதி செய்துகொண்டு, டெஸ்ட் லாம்பை நெகட்டிவில் வைத்து செல்ஃப் அடியுங்கள். லாம்ப் சிமிட்டினால் மாட்யூல் வேலை செய்கிறது. காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் இவற்றைப் பாருங்கள். சிமிட்டாவிட்டால் மாட்யூல் அல்லது பிக்கப் காயில் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து மாட்யூலுக்கு சிக்னல் தரும் சின்னச் சுருள்). இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தீப்பொறி வரும் நேரத்தை மாற்றும் வேக்கம் அட்வான்ஸ் அசையும்போதெல்லாம் பிக்கப் காயிலின் மெல்லிய ஒயரும் வளைந்து நிமிர்கிறது, ஒருநாள் உறைக்குள்ளேயே அறுந்துவிடும். ஜிஎம்மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) எச்இஐ என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டரில் இது 500 முதல் 1500 ஓம் வரை இருக்க வேண்டும். பிக்கப் காயில் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கையால் அசைத்துக்கொண்டே அளங்கள். எண் தாவினால் அதுதான் பழுது.

மாட்யூல்தான் என்று முடிவானால், புதியதை மாட்டும்போது அடியில் வெப்பம் கடத்தும் பசையைத் தடவ மறக்காதீர்கள். பசை இல்லாவிட்டால் புதுசும் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: பெட்ரோல் முள் ஃபுல்லையும் தாண்டி நிற்கிறது, இறங்குவதே இல்லை. பின்பக்கத் தொட்டிக்கு பெயின்ட் அடித்த பிறகுதான் இப்படி. செவர்லே வண்டி.

பெயின்ட் என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள், எர்த்து (கரண்ட் வண்டியின் உலோகம் வழியாகத் திரும்பும் கனெக்ஷன்) போயிருக்கிறது. உங்கள் செவர்லே உட்பட ஜிஎம் வண்டிகளில் டேங்க் காலியானால், பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் மிதவை யூனிட் 0 ஓம், நிறைந்தால் 90 ஓம். எர்த்து அறுந்தால் ஓம் எல்லையில்லாமல் போவதால் முள் ஃபுல்லைத் தாண்டும். பழைய ஃபோர்டில் இது தலைகீழ்: காலியில் சுமார் 73, நிறைந்தால் சுமார் 10. அங்கே அறுந்தால் முள் எம்ப்டியில் படுத்துவிடும். இணையத்தில் படித்த சோதனையைச் செய்வதற்கு முன் அது எந்த வண்டிக்கானது என்று பாருங்கள்.

சாவியை ஆஃப் செய்துவிட்டு, யூனிட்டின் எர்த்து ஒயரிலிருந்து சட்டத்தில் சுரண்டிய இடத்துக்குத் தனி ஒயர் கொடுங்கள். ஒயரை இறுக்கமாக மாட்டிய பிறகுதான் சாவி ஆன். டேங்க் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது.

கேள்வி: எனக்குப் பெட்ரோல் முள், சூடு காட்டும் முள் இரண்டுமே சேர்ந்து ஏறிவிடுகின்றன. பழைய ஃபோர்டு.

இரண்டும் சேர்ந்து தப்பினால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைப் பாருங்கள். மீட்டர் போர்டின் பின்னால் சின்ன வோல்டேஜ் ரெகுலேட்டர் இருக்கிறது. உள்ளே சூட்டில் வளையும் தகடு கரண்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 5 வோல்ட் ஆக்குகிறது. வெளியே வரும் முனையில் டெஸ்ட் லாம்ப் வைத்தால் சிமிட்ட வேண்டும். விடாமல் எரிந்தால் தகடு ஒட்டிக்கொண்டது, அல்லது ரெகுலேட்டருக்கு எர்த்து இல்லை. சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டாதீர்கள், மீட்டர்களே கருகிவிடும்.

கேள்வி: ஹெட்லைட் போட்டால் எல்லா முள்ளும் இடம் மாறுகிறது.

எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த்து பட்டையைப் பாருங்கள். லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் மீட்டர் போர்டின் எர்த்துக்கும் நடுவே அளங்கள். 0.2 வோல்டுக்கு மேல் இருந்தால் பட்டையைக் கழற்றி இரு பக்கமும் உலோகம் தெரியத் தேய்த்து மாட்டுங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுடுகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். சுட்டால், எர்த்து கிடைக்காத கரண்ட் அந்தக் கேபிள் வழியாகத் திரும்புகிறது.

கேள்வி: ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்தில் இருக்கிறது, ஆனால் எஞ்சினில் சத்தமே இல்லை. ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். ஆயில் அளவைப் பாருங்கள். அப்புறம் சென்சரைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒயர் இல்லாத மெக்கானிக்கல் கேஜ் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடிகளில் அழுத்தம் ஏறினால் சென்சரையும் ஒயரையும் பார்த்தால் போதும். ஏறவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.