மைனர்னா செயின் போட்டுக்கிட்டு சுத்துறதா?

கேள்வி: பெங்களூர்ல ஒரு பிரைவேட் யூனிவர்சிட்டில நாலு வருஷ சைக்காலஜி டிகிரி படிக்கிறேன் அக்கா, இப்ப ரெண்டாவது வருஷம். மைனர் எதுன்னு அடுத்த வாரத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். மூளை, நரம்பு பத்தின நியூரோசயின்ஸ் எடுக்க ஆசை, ஆனா நான் ப்ளஸ் டூல காமர்ஸ், பயாலஜி வாசனையே கிடையாது. க்ளாஸ்ல பாதிப்பேர் ஹெச்ஆர் மைனர்தான் எடுக்குறாங்க. அப்பாகிட்ட கேட்டா "மைனர்னா என்ன, செயின் போட்டுக்கிட்டு ஊர் சுத்துறதா?"ன்னு சிரிக்கிறாரு. எடுக்கலாமா?

பதில்: அப்பாவுக்கு முதல்ல சொல்லிடுவோம். அவர் காலத்துல காலேஜ்ல அலைடு பேப்பர்னு ஒண்ணு இருந்துச்சுல்ல, அதுக்கு அண்ணன்தான் இந்த மைனர். மெயின் சப்ஜெக்ட் மேஜர், கூடவே எடுக்குற ரெண்டாவது சப்ஜெக்ட் மைனர். நாலு வருஷ டிகிரிக்கு மொத்தம் 160 கிரெடிட், அதுல மேஜருக்கு 80, மைனருக்கு 32-ன்னு பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2022 டிசம்பர்ல போட்ட வரைமுறைல இருக்கு, மூணு வருஷத்தோட கிளம்பிட்டா மைனருக்கு 24. அஞ்சுல ஒரு பங்குமா, அதனால சும்மா பக்கத்து சீட்டுக்காரி எடுத்தான்னு எடுக்காத.

இப்ப உனக்கு. ஆசை மட்டும் பாத்து கையெழுத்து போடாம, டிபார்ட்மென்ட்ல போய் அந்த 32 கிரெடிட்ல லேப் எத்தனைன்னு கேளு. லேப்ல ஒரு கிரெடிட்னா ஒரு செமஸ்டருக்கு 30 மணி நேரம், அத வெச்சு நீயே கணக்கு போட்டுக்கலாம். எல்லாமே தியரி, எல்லாமே பவர்பாயின்ட்னா வேண்டாம்னு சொல்லிடுவேன், ஏன்னா அந்த விஷயத்த நீ யூடியூப்லயே பாத்துக்கலாம், மூளை பத்தி அங்க இல்லாத வீடியோவே இல்ல. லேப் இருந்துச்சுன்னா காமர்ஸ் எல்லாம் ஒரு தடையே இல்ல. நரம்பு செல் எப்படி சிக்னல் அனுப்புதுன்னு புரிய சோடியம், பொட்டாசியம், கொஞ்சம் மின்சாரம் தெரிஞ்சா போதும், ஒழுங்கா உக்காந்தா ரெண்டு மூணு வாரம்.

எங்க லேப்ல முதல் நாள் ஆட்டு மூளைதான். கறிக்கடை பாய்கிட்ட "உடையாம வேணும் பாய்"னு முன்கூட்டியே சொல்லி வெப்போம், இல்லன்னா அவர் பாட்டுக்கு தலைய ரெண்டா பொளந்து கவர்ல போட்டுடுவார். பச்சையா இருக்கறப்ப அது பன்னீர விட மெத்துன்னு இருக்கும், விரல் பட்டா குழி விழும், ஃபார்மலின்ல ரெண்டு வாரமாவது ஊறினாத்தான் கத்திக்கு நிக்கும். (மூளை வறுவல் இன்னும் சாப்பிடுறீங்களான்னு பசங்க கேப்பாங்க. சாப்பிடுறேன்.) திருப்பிப் போட்டா முன்பக்கம் ரெண்டு மொட்டு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், வாசனைக்கான பகுதி அது, ஆட்டுக்கு நல்லா பெருசா இருக்கும், மனுஷ மூளைல அதத் தேடிக் கண்டுபிடிக்கணும். இதப் பாத்துட்டு ஒரு காமர்ஸ் பொண்ணு "அப்ப ஆடு மூக்காலதான் உலகத்த பாக்குதா மேடம்?"னு கேட்டா. படத்த மனப்பாடம் பண்ணிட்டு வந்த பயாலஜி பசங்க ஒருத்தர்கூட அப்படி கேக்கல.

நிஜமா கஷ்டம் வேற இடத்துல வரும். தலைல 32 எலக்ட்ரோடு ஒட்டி ஒரு மணி நேரம் ஈஈஜி (மூளையோட மின்சார அலையப் பதியுறது) எடுத்தேன்னு வை, செகண்டுக்கு 500 தடவை அளந்தா 18 லட்சம் வரி வரும், எக்செல்ல பத்து லட்சத்து சொச்சம் வரிக்கு மேல நிக்காது. அதுலயும் ஆள் கண்ண சிமிட்டினா ஒரு பெரிய மேடு விழும், அது மூளை இல்ல, கண்ணு, அத பிரிச்சு எடுக்கணும். அதனால பைத்தான் ப்ரோகிராமிங்கும் ஸ்டாடிஸ்டிக்ஸும் பழகித்தான் ஆகணும். சைக்காலஜி பசங்க தெறிச்சு ஓடுற இடம் இதுதான், என் கணக்குல இந்த மைனரோட மதிப்பே இங்கதான் இருக்கு, மேஜர்ல உன்ன யாரும் இத செய்ய சொல்ல மாட்டாங்க.

கிடைக்காதது என்னன்னும் கேட்டுக்கோ. மைனர் முடிச்சா நியூரோ டாக்டர் ஆக முடியாது, அது எம்பிபிஎஸ், எம்டி, அப்புறம் டிஎம்னு தனி ரூட்டு. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா பிராக்டிஸ் பண்ண ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், மைனர் அதுக்கு பதில் ஆகாது. காலேஜ் முடிச்ச கையோட வேலை வேணும்னா ஹெச்ஆர் எடுக்குறதுல தப்பே இல்ல, வீட்டு நிலைமை உனக்குத்தான் தெரியும். மேல படிக்கப் போறேன்னா, ஐஐடி காந்திநகர்ல காக்னிட்டிவ் சயின்ஸ் மாஸ்டர்ஸ் இருக்கு, அந்த மாதிரி இடத்துல நேரா உதவும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் சீனிவாச சக்ரவர்த்தி என்பிடெல்ங்கற ஆன்லைன் பாடத் தளத்துல எடுத்திருக்கிற மூளை கோர்ஸ்ல முதல் நாலு லெக்சர் கேட்டுப் பாரு, காசு கிடையாது. கொட்டாவி வந்தா விட்டுடு.

கேள்வி: நான் திருச்சி, பிடெக் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஏஐக்கு அடிப்படையான நியூரல் நெட்வொர்க் நல்லா தெரியும், மூளையும் அதே கான்செப்ட்தானே? நியூரோ மைனர் போட்டா ஏஐ வேலைக்கு வெயிட்டா இருக்குமா?

பதில்: அதே கான்செப்ட் இல்ல தம்பி, தூரத்து சொந்தம். 1943-ல மெக்கல்லக், பிட்ஸ்னு ரெண்டு பேர் நரம்பு செல்ல ஒரு லாஜிக் கேட் மாதிரி சுருக்கி எழுதினாங்க, 1958-ல பெர்செப்ட்ரான்னு ஆரம்பகால நியூரல் நெட்வொர்க்க கொண்டு வந்த ரோசன்பிளாட் படிச்சது சைக்காலஜி. படத்த அடையாளம் காண நீ படிக்கிற சிஎன்என் நெட்வொர்க் இருக்கே, அதுக்கு விதை ஹூபல், வீசல்னு ரெண்டு விஞ்ஞானிங்க பூனையோட மூளைல பார்வைப் பகுதிய துழாவினப்ப கிடைச்சது, அதுக்கு 1981-ல நோபல் கூட குடுத்தாங்க. உன் துறை அங்க இருந்து கடன் வாங்கிட்டு தன் வழில போயிடுச்சு.

இன்டர்வியூல வெயிட் வருமான்னா, பெருசா வராது, ஒரு நல்ல ப்ராஜெக்ட்டுக்கு வர்ற வெயிட் அதிகம். மண்டைக்கனம் குறையணும்னா எடு. சி. எலிகன்ஸ்னு ஒரு மில்லிமீட்டர் புழு, மொத்தமே 302 நியூரான், எதுக்கு எது கனெக்ஷன்னு வயரிங் படம் 1986-லயே வந்தாச்சு, இன்னிக்கும் அந்தப் புழு அடுத்து என்ன செய்யும்னு முழுசா சொல்ல முடியல. நமக்கு சுமார் 8,600 கோடி. இந்த வாரம் நரம்பு செல்லோட மின்சாரத்த கணக்கா எழுதின ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி சமன்பாட்ட எடுத்து லேப்டாப்ல ஓட்டு, நாலே நாலு சமன்பாடுதான், கரண்ட்ட கொஞ்சம் கொஞ்சமா ஏத்து, ஒரு கட்டம் வரைக்கும் கோடு லேசா நெளியும், சட்டுன்னு ஒரு ஸ்பைக் எகிறும். அதப் பாத்து ராத்திரி தூக்கம் வரலன்னா மைனர் உனக்குத்தான்.

கேள்வி: பொண்ணு அமெரிக்கால பயாலஜி மேஜர், மெடிக்கல் ஸ்கூல் போகணும்கிறா. நியூரோசயின்ஸ் மைனர் இருந்தா சீட் ஈஸியா கிடைக்குமா?

பதில்: மைனருக்காக யாரும் சீட் குடுக்க மாட்டாங்கம்மா. அங்க இந்த மேஜர்தான் படிக்கணும்னே பொதுவா கட்டாயம் இல்ல. ஒரு லாபம் உண்டு, 2015-ல இருந்து மெடிக்கல் ஸ்கூலுக்கான எம்கேட் நுழைவுப் பரீட்சைல சைக்காலஜியும் நடத்தையும் தனி செக்ஷன், மைனர்ல படிக்கிறது அங்க கொஞ்சம் கை குடுக்கும். மேஜருக்கு எடுத்த அதே கோர்ஸ மைனருக்கும் கணக்குல சேத்துக்கலாமாங்கறது யூனிவர்சிட்டிக்கு யூனிவர்சிட்டி மாறும், சில இடத்துல ஒண்ணு ரெண்டுதான் விடுவாங்க, சேக்கலன்னா ஒரு செமஸ்டர் ஃபீஸ் கூட எகிறலாம். அட்வைசர்கிட்ட அத மெயில்ல எழுதி வாங்கிக்க சொல்லுங்க, வாய்ல சொன்னத நாலாவது வருஷம் யாரும் ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க.