குன்னூர்: ஒரு டயரில் மட்டும் காத்து இறங்குது, மாத்தணுமா?

டயரை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். காரின் முன் இடது டயரில் மட்டும் ராத்திரியில் காற்றழுத்தம் 6, 7 பிஎஸ்ஐ இறங்குது, ஆணி எதுவும் இல்லை, கடையில் புது டயருக்கு விலை சொன்னார்கள் என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் வால்வு, இல்லாவிட்டால் டயர் ரிம்மில் உட்காரும் ஓரம். குளிரால் இல்லை. 5, 6 டிகிரி குறைந்தால் சுமார் 1 பிஎஸ்ஐதான் இறங்கும், அதுவும் நாலு டயரிலும் இறங்கும்.

சோப்புத் தண்ணீரை வால்வு வாயிலும் ரிம் ஓரம் முழுக்கவும் ஊற்றிப் பாருங்கள். வால்வில் குமிழ் வந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், சின்னச் செலவுதான். ரிம் ஓரத்தில் வந்தால் டயரைக் கழற்றி, துருவைத் தேய்த்து, திரும்ப மாட்டச் சொல்லுங்கள். பள்ளத்தில் அடிபட்டு ரிம் நெளிந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

நல்ல மெக்கானிக் வேண்டுமென்றால் டாக்ஸி ஸ்டாண்டில் கேளுங்கள். தினமும் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிற டிரைவர்கள் போகும் கடைக்கே போங்கள். சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, கசிவை உங்கள் கண்முன் காட்டுபவர்தான் சரியான ஆள். அதைச் செய்யாமலே அந்தக் கடையில் உங்களிடம் புது டயருக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், எனக்கு அதுதான் கோபம்.

ஆனால் டயரின் பக்கவாட்டில் புடைப்போ வெட்டோ தெரிந்தால் இது எதுவும் பொருந்தாது. உடனே ஸ்டெப்னியை மாட்டுங்கள். அந்த டயரோடு மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் இறங்கவே இறங்காதீர்கள்.