கேடயமா, ரெண்டு கை வாளா? சண்டைக் கேள்விகளுக்குப் பதில்

சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் பகடை உருட்டுகிறோம். ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி ஆடும் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டம், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள்தான் எங்களுக்கு. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டவற்றில் நான்கு இங்கே.

காட்பாடி: முதல் முறையாக ஃபைட்டர் (போர்வீரன்) எடுத்திருக்கிறேன் அண்ணா. கேடயம் வேண்டுமா, ரெண்டு கையாலும் பிடிக்கும் வாள் போதுமா?

தம்பி, முதல் லெவலில் அடிக்கடி எதிரே வருவது காப்ளின் என்ற குட்டி அரக்கன். அதற்கு உயிர் 7. உன் வலிமை +3 என்று வைத்துக்கொள். ரெண்டு கை வாள் பட்டால், 36 வாய்ப்பில் 33இல் அது ஒரே வெட்டில் காலி. ஒரு கை வாள் பட்டால் 8இல் 5தான். மிச்சம் 3இல் அது நின்று உன்னைத் திருப்பி அடிக்கும்.

சரி, அடி வாங்கும் பக்கம் பார்ப்போம். செயின் மெயில் என்ற சங்கிலிக் கவசம் போட்டால் ஏசி (உன்மேல் அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 16. காப்ளின் வீசுவதில் 45% உன்மேல் படும். கேடயம் பிடித்தால் ஏசி 18, 35% தான். நாலு காப்ளின் மூன்று சுற்று உன்னையே அடித்தால் 12 வீச்சு. அதில் சராசரியாக ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல் கேடயம் தடுக்கும். அந்த ஓர் அடி 5.5 புள்ளி, உன் மொத்த உயிரே 12 சுமார்தான்.

டூயலிங் என்ற ஒரு கை ஆயுதச் சண்டைப் பாணியை எடு. ஒரு கை வாளுக்கு +2 சேர்ந்து, அந்த 8இல் 5 என்பது 8இல் 7 ஆகிவிடும். கேடயமும் கையிலேயே இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆரணி: எங்கள் கிளெரிக் (வைத்தியமும் தெரிந்த பூசாரி) சண்டை முழுக்க வைத்தியம்தான் பார்க்கிறார். சரியா?

வேண்டாம். கியூர் வூண்ட்ஸ் என்ற முதல் நிலை வைத்திய மந்திரம் சராசரி 7.5 உயிர் தரும், ஓகர் என்ற ராட்சதனின் தடி ஒரு போடு போட்டால் 13 போகும். கூட இருப்பவர் விழுந்த பிறகு ஹீலிங் வேர்ட் மந்திரம் சொல்லி எழுப்பட்டும், மற்ற நேரம் அவரும் அடிக்கட்டும்.

குடியாத்தம்: நான் டிஎம், ஆட்டத்தை நடத்துபவன். எங்கள் பாலடினுக்கு (புனித வீரர்) ஏசி 21. எதுவும் படவில்லை, எதிரிகளின் தாக்குதல் பகடையோடு கூட்டும் எண்ணை ஏற்றலாமா?

ஏற்றாதீர்கள். +4ஐ +7 ஆக்கினால் பாலடின்மேல் 20% என்பது 35% ஆகும். பக்கத்தில் ஏசி 12 உள்ள மந்திரவாதிக்கு 80%! பாவம், அவர்தான் முதலில் சாவார். அந்தப் பாலடின் கவசத்துக்காகப் பணம் சேர்த்தவர், சில சண்டைகளில் அவர் அசையாமல் நிற்கட்டும். மற்ற சண்டைகளில் எதிரிகள் அவரைத் தாண்டி ஓடட்டும். தாண்டிப் போகிறவரை அடிக்க ஒரு சுற்றுக்கு ஒரு ரியாக்‌ஷன்தான், எல்லாரையும் அவரால் நிறுத்த முடியாது. அப்புறம் விஸ்டம் சேவ் (மன உறுதியால் தப்பிக்க உருட்டும் பகடை) கேட்கும் மந்திரங்கள் இருக்கின்றன. அங்கே கவசம் உதவாது.

ராணிப்பேட்டை: 1806 வேலூர்க் கிளர்ச்சியை ஆட்டமாக எழுதுகிறேன். சண்டையை எப்படி அமைக்கலாம்?

கேட்கவே சந்தோஷம். ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார், பீரங்கியால் வாசலை உடைத்தார்கள், அன்றே கோட்டை கைமாறியது. உங்கள் ஆட்டத்தின் உயிர் அந்த வாசல்தான். வீரர்கள் சிப்பாய்களாக ஆடட்டும். உள்ளே போரிட எத்தனை பேர், வாசலைக் காக்க எத்தனை பேர் என்று அவர்களே பிரிக்கட்டும். குதிரைப்படை வர இன்னும் எத்தனை சுற்று என்று ஒரு பகடையை மேசை நடுவில் வைத்து, சுற்றுக்கு ஒன்று குறையுங்கள். வாசலில் நிறுத்தும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு பெயரும் ஓர் ஊரும் எழுதி வையுங்கள்.