மட்டன் பர்கரை எவ்வளவு வேகவிட வேண்டும்? நடுவில் சிவப்பாக இருந்தால் சாப்பிடலாமா?

கும்பகோணத்தில் வீட்டுத் தோசைக்கல்லில் மட்டன் பர்கர் போட்டால் வெளியே கருகுகிறது, உள்ளே வேகவில்லை. வெளிநாட்டில் ஸ்டேக் சாப்பிடுவதுபோல நடுவில் சிவப்பாகவே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொத்துக்கறியில் அது கூடவே கூடாது. நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். கோழி என்றால் 74.

முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேலே மட்டும்தான் ஒட்டியிருக்கும். கல்லில் பட்டதும் செத்துவிடும். அரைத்துவிட்டால் மேலே இருந்தது நடுவுக்கும் போய்விடுகிறது. 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டுக்கறி பர்கரால் ஈ. கோலை கிருமி பரவி நூற்றுக்கணக்கானோர் நோயில் படுத்தார்கள், நான்கு குழந்தைகள் இறந்தன. அதே வகைக் கிருமி ஆட்டின் குடலிலும் இருக்கக்கூடியது.

நிறத்தை நம்பாதீர்கள். 71 வருவதற்கு முன்பே பழுப்பாகிவிடும் கறியும் உண்டு, வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே நிற்கும் கறியும் உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஊசி தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் வைத்தால் 0 காட்ட வேண்டும். பர்கரில் மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் நடுவைத் தாண்டிச் செருகுங்கள். நுனி கல்லின் பக்கம் சாய்ந்தால் எண் சட்டென்று ஏறிவிடும். மெல்ல வெளியே இழுங்கள். எண் இறங்கி ஓரிடத்தில் நின்று மறுபடி ஏறும். அந்தக் குறைந்த எண்தான் கணக்கு.

இனி கருகும் விஷயம். வட்டை, அதாவது வட்டமாகத் தட்டிய கறி, தடிமனாகவோ நடுவில் மேடாகவோ இருக்கும், கல் அதிகமாகக் காய்ந்திருக்கும், இல்லாவிட்டால் கறியில் மிளகாய்த்தூள் இருக்கும். மிளகாய்த்தூள் கல்லில் முதலில் கருகும். காரத்துக்கு மிளகு போதும். ஒரு வட்டைக்கு 125 கிராம், தடிமன் சுமார் ஒன்றரை செ.மீ., அகலம் பன்னைவிட ஒரு விரல் கூட. வேகும்போது ஓரம் சுருங்கி நடு உப்பும் என்பதால் கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அழுத்திவிடுங்கள். மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம். பக்கவாட்டில் பழுப்பு பாதி உயரம் ஏறியதும் திருப்புங்கள். மொத்தம் எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். தோசைத் திருப்பியால் அழுத்தக் கூடாது. சொய்யென்று கல்லில் ஓடுவது அத்தனையும் கறியின் சாறும் கொழுப்பும்தான்.

முழுக்க வெந்தால் வறண்டுவிடுமே என்று பயப்பட வேண்டாம். வறட்சிக்குக் காரணம் பெரும்பாலும் கொழுப்புக் குறைவு. நம் வெள்ளாட்டுக்கறியில் கொழுப்பு கம்மி. கறிக்கடையில் 400 கிராம் தொடைக்கறிக்கு 100 கிராம் கொழுப்பு தனியாகக் கேட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே முறை அரைக்கச் சொல்லுங்கள். கோழி அரைத்த கையோடு அதே மெஷினில் போட்டால் வாங்காதீர்கள். உப்பைக் கறியோடு பிசைந்தால் ரப்பர்போல இறுகிவிடும். கல்லில் போடும் நேரத்தில் இருபுறமும் தூவினால் போதும். பச்சை வெங்காயம் தண்ணீர் விட்டு வட்டையை உடைக்கும், வதக்கி ஆறவைத்துச் சேருங்கள். ஆட்டுக்கொழுப்பு ஆறினால் மெழுகுபோல வாயில் ஒட்டும், அதனால் சுடச்சுடச் சாப்பிட்டால்தான் ருசி.

கும்பகோணமோ மயிலாடுதுறையோ, கோடையில் 32 டிகிரிக்கு மேல் சாதாரணமாகப் போகும் ஊர்கள். அந்தச் சூட்டில் அரைத்த கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. மழைநாளில் மின்சாரம் போய் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் அந்தக் கொத்துக்கறியைக் கொட்டிவிடுங்கள். மசாலா போட்டுக் காப்பாற்ற முடியாது. பச்சை வட்டை வைத்த தட்டில் வெந்ததை எடுத்து வைக்காதீர்கள்.

தெர்மாமீட்டர் கைக்கு வரும்வரை வட்டையை 1 செ.மீ. தடிமனுக்குத் தட்டி, திருப்பியதும் மூடி போட்டு வேகவிடுங்கள். கொஞ்சம் அதிகமாகவே வெந்துபோகட்டும், பரவாயில்லை. சாறு குறைந்தது தெரியாமல் இருக்க பன்னின் உள்பக்கத்தை வெண்ணெய் தடவி அதே கல்லில் வாட்டிக்கொள்ளுங்கள்.