டிராம் தண்டவாளம் சொல்லும் வருஷம்

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய மெட்ராஸ் படங்கள் ஐந்து கிடைத்தன. பின்னால் ஒரு எழுத்துகூட இல்லை. எந்த வருஷத்துப் படங்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (நகல் அனுப்பியிருக்கிறேன்.)
- வாசகி, தாம்பரம்

பதில்: வருஷத்தை அடித்துச் சொல்ல முடியாது, அம்மா. 'இதற்குப் பின், அதற்கு முன்' என்று இரண்டு பக்கமும் வேலி போடலாம். எல்லோரும் முதலில் கட்டடத்தைப் பார்ப்பார்கள். எனக்குத் தெருதான் முக்கியம். உங்கள் மவுண்ட் ரோடு படத்தில் தரையில் தண்டவாளம் ஓடுகிறதே, அது டிராம். மெட்ராஸில் 1895-ல் ஓட ஆரம்பித்து 1953-ல் நின்றது. சரி, 58 வருஷத்துக்குள் அடைத்தாயிற்று.

இடது ஓரத்தில் பீடத்தின் மேல் கறுப்பாக ஓர் உருவம் நிற்கிறது, பாருங்கள். ஸ்பென்சர் பக்கத்தில் இருந்த கர்னல் நீல் சிலை. 1857 கிளர்ச்சியில் ஈவிரக்கமில்லாமல் ஆட்களைக் கொன்றவர். சிலையை எடு என்று 1927-ல் பெரிய போராட்டமே நடந்தது. 1937-ல் ராஜாஜி ஆட்சியில்தான் எடுத்தார்கள். இப்போது எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. ஆக, உங்கள் படம் 1937-ஐத் தாண்டாது.

இன்னும் நெருக்கலாம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: இரண்டு மோட்டார் கார், ஒரு ஜட்கா, தலையில் கூடையோடு ஒரு பெண். காரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் பழகிப்போன காலம் போலிருக்கிறது. 1920-கள் என்று என் ஊகம், பந்தயம் கட்ட மாட்டேன்.

மற்ற படங்களுக்கும் இதே வித்தைதான். ரிப்பன் மாளிகை இருந்தால் 1913-க்குப் பிறகு. மூர் மார்க்கெட் இருந்தால் 1900-க்கும் தீ விபத்து நடந்த 1985-க்கும் நடுவே. (அட்டை கிழிந்த அகராதி ஒன்றை அங்கேதான் பேரம் பேசி வாங்கினேன். இன்னும் இருக்கிறது.) அப்புறம், நாலாவது படத்தில் கடைப் பலகை எழுத்து இடவலம் மாறியிருக்கிறது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். கண்ணாடியில் காட்டிப் படியுங்கள்.

கேள்வி: 1858-ல் எடுத்த மதுரைப் படங்களில் ஆளே இல்லையே, ஊர் அப்படியா வெறிச்சோடிக் கிடந்தது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஊர் நிறைய ஆட்கள் இருந்தார்கள், ஐயா. படம் பிடித்த லின்னேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்து அதிகாரி. மெழுகு ஏற்றிய காகிதத்தில்தான் நெகட்டிவ் எடுத்தார். அதில் உருவம் பதிய லென்ஸை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நடந்து போனவன் பதியவே மாட்டான். அசையாமல் உட்கார்ந்தவன் மட்டும் தப்பித்தான். இன்னொன்று: அந்தக் காகிதத்தில் வானம் வெறுமையாகத்தான் விழும். சில படங்களில் தெரியும் மேகம், நெகட்டிவின் மேல் டிரைப் தூரிகையால் தீட்டியது!

கேள்வி: பழைய படத்தை லேமினேட் செய்யலாமா?
- வாசகர், சேலம்

பதில்: வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் சேர்ந்து ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. நல்ல காகித உறையில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் குறிப்பு எழுதுங்கள். படத்தில் இருப்பது யார் என்று தெரிந்த பாட்டி பக்கத்தில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.