டெர்மினலில் சண்டை நடத்தும் கருவி: வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை நான்கு பேருக்கு நடத்துகிறேன். அடுத்த முறை யாருடையது, யாருக்கு எவ்வளவு ஹெச்பி (உயிர்ப்புள்ளி) மிச்சம் என்று தாளில் அடித்துத் திருத்தியே நேரம் போகிறது. லேப்டாப் பழையது, பிரவுசரில் ஓடும் மேப் வசதிகளை அது தாங்காது. கட்டளை தட்டி இயக்கும் டெர்மினல் கருவி ஒன்று மாதச் சந்தாவில் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: கருவி உங்களுக்குப் பொருந்தும், சந்தா பொருந்தாது. எல்லா வேலையும் உங்கள் கணினியிலேயே நடக்கும்போது மாதாமாதம் எதற்குப் பணம்? ஒருமுறை விலை என்றால் யோசிக்கலாம், அதுவும் சோதித்துப் பார்த்த பிறகு.

முதலில், சண்டை எவ்வளவு கடினம் என்பதைக் கருவி சரியாகக் கணக்கிடுகிறதா என்று பார்க்க, மூன்றாம் நிலை வீரர்கள் நால்வர், எதிரே ஆறு கோப்ளின்கள் (சிறு அரக்கர்கள்) என்று கொடுங்கள். ஒன்றுக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), ஆக 300. ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி எதிரிகள் 3 முதல் 6 வரை இருந்தால் இரண்டால் பெருக்க வேண்டும், எனவே 600. நால்வருக்கான நடுத்தரச் சண்டையின் வரம்பும் 4 × 150 = 600 தான். கோப்ளின்களை எட்டாக்கினால் பெருக்கெண் 2.5 ஆகி 1000 வரும். கடினச் சண்டையின் வரம்பான 900ஐ அது தாண்டிவிடும். அதைத் திருத்திய 2024 விதியில் இந்தப் பெருக்கலே கிடையாது. ஆறு கோப்ளின்கள் 300 ஆகவே நிற்கும், மிக லேசான சண்டைக்கான 600இல் பாதி. புதிய அட்டவணையை வைத்துக்கொண்டு பழைய பெருக்கலையும் செய்யும் கருவியை வாங்காதீர்கள். கூட்டமான எதிரிகளை அது இல்லாத ஆபத்தாகக் காட்டும். நீங்கள் ஆளைக் குறைப்பீர்கள், சண்டை சப்பென்று முடியும்.

அடுத்து, சண்டையின் நடுவே டெர்மினல் ஜன்னலை மூடிவிட்டு மறுபடி திறங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் கோப்பில் எழுதும் கருவியென்றால் நான்காம் சுற்று அப்படியே இருக்கும். முறையாக வெளியேறும்போது மட்டும் சேமிப்பது என்றால் பேட்டரி தீர்ந்ததும் எல்லாம் போய்விடும். பழைய லேப்டாப்புக்கு இது முக்கியம். கடைசிக் கட்டளையை மீளப்பெறும் வசதியும் வேண்டும். அவசரத்தில் தட்டும்போது அடி தவறான ஆள்மீது விழுவது சகஜம்.

ஒரே வகை எதிரிகளுக்கு ஒரே இனிஷியேட்டிவ் (முறை வரும் வரிசை எண்), ஆனால் தனித்தனி ஹெச்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். கான்சன்ட்ரேஷனில் (ஒரு மந்திரத்தைக் கவனத்தால் தாங்கிப் பிடித்தபடி) இருப்பவருக்கு 26 புள்ளி அடி பதிந்தால், அந்தக் கவனம் கலையாமலிருக்கப் பகடையில் எட்ட வேண்டிய இலக்கு 13 என்று கருவி தானாகவே காட்ட வேண்டும் (அடியில் பாதி, குறைந்தது 10).

‘300க்கு மேற்பட்ட அரக்கர்கள்’ என்ற விளம்பரத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள். விளையாட்டின் அடிப்படை விதிகளும் அரக்கர்களும் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் என்ற அரக்கர்கள் இரண்டின் விவரப் பட்டியலும் அதில் இல்லை. அவற்றையும் சேர்த்து விற்பவரிடம் அனுமதி உண்டா என்று கேளுங்கள். உங்களிடம் புத்தகம் இருந்தால் உங்கள் மேசைக்காக நீங்களே தட்டிச் சேர்க்கலாம். அதற்குத் தரவு ஜேசன் அல்லது யாமல் போன்ற சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்க வேண்டும். பூட்டிய கோப்பு என்றால் கருவி நின்றுபோகும் நாளில் உங்கள் உழைப்பும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: இலவசமான பைத்தான் கருவி ஒன்றை உபுண்டு லினக்ஸில் பிப் என்ற பைத்தான் நிறுவி மூலம் நிறுவினால், ‘இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் பிழை வருகிறது. கருவியே பழுதா?

பதில்: பழுதில்லை. உபுண்டு 23.04 முதல், கணினியின் சொந்தப் பைத்தானில் பிப் கைவைப்பதைத் தடுத்திருக்கிறார்கள். உபுண்டுவின் சொந்த நிறுவியான ஆப்ட் மூலம் பிப்எக்ஸ் என்ற நிரலை நிறுவி, அதைக் கொண்டு கருவியை நிறுவுங்கள். அதற்கென்று தனிச் சூழல் உருவாகிவிடும். பிறகு பிப்எக்ஸின் ‘என்ஷ்யூர்பாத்’ கட்டளையை ஒருமுறை இயக்கி டெர்மினலை மூடித் திறங்கள். அதைச் செய்யாவிட்டால் ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்று வரக்கூடும். தடையை மீறி நிறுவும் விருப்பத்தேர்வை மட்டும் தொடாதீர்கள், கணினியின் மற்ற நிரல்கள் கெடலாம்.