வீங்கிய கெபாசிட்டரும் பின்னால் ஓடும் தேதியும்
பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெண்டியம் 4 கம்ப்யூட்டர். காலையில் ஆன் செய்தால் தேதி 2002-க்குப் போய்விடுகிறது. எஃப்1 அழுத்தச் சொல்கிறது. பகலில் எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் தேதி சரியாகவே இருக்கிறது. பயாஸ் போய்விட்டதா? (மதுரை வாசகர்)

பதில்: பயாஸுக்கு (கம்ப்யூட்டரைத் துவக்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ஒன்றுமில்லை. போயிருப்பது, மதர்போர்டில் நாணயம்போல உட்கார்ந்திருக்கும் சிஆர் 2032 பேட்டரி. இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறீர்கள் போலிருக்கிறது. அந்த சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். கடிகாரம் அதில் ஓடிவிடும். அணைத்த பிறகு பேட்டரிதான் கதி. கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடலாம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஓரத்திலுள்ள உலோக நாக்கைத் தள்ளினால் பேட்டரி தானாக எழும்பும்; நடுவில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் ஹோல்டர் உடையும். புதியதைப் போடும்போது கூட்டல் குறி மேலே. பிறகு டெலிட் கீயை அழுத்தி பயாஸ் செட்டப்புக்குள் போய், தேதியோடு பூட் வரிசையையும் (எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் துவங்குவது என்பது) பார்த்துச் சேமியுங்கள்.

கேள்வி: பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றி நின்றுவிடுகிறது. ஏழெட்டு முறை முயன்றால் ஓடுகிறது. ஓடிவிட்டால் நாள் முழுக்கத் தொல்லை இல்லை. பிராசசர் பக்கத்தில் நான்கு கெபாசிட்டர்கள் உப்பியிருக்கின்றன. போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். (திருச்சி வாசகர்)

பதில்: வேண்டாம், அந்தக் கெபாசிட்டர்களை மாற்றினால் பெரும்பாலும் போதும். நான்கு முனை சதுர கனெக்டரில் வரும் 12 வோல்ட்டை ஏறத்தாழ 1.5 வோல்ட்டாக இறக்கி பிராசசருக்குக் கொடுக்கிற பகுதி அது. அங்கே வருகிற மின்னழுத்த ஏற்ற இறக்கத்தை அடக்குவதுதான் சிறு உருளைகளான இந்தக் கெபாசிட்டர்களின் வேலை. 2000-த்தை ஒட்டிய சில வருடங்களில் வந்த போர்டுகள் பலவற்றில் உள்ளேயிருந்த திரவமே மட்டம்; வாயு உண்டாகித் தலையிலுள்ள கீறல் பிளந்துகொள்ளும். தலை தட்டையாக இருக்கிறதே என்று நம்பிவிடவும் முடியாது. சிலது அடியிலுள்ள ரப்பரைத் தள்ளிக்கொண்டு சாய்ந்து நிற்கும். சூடேறினால் உள் தடை குறையும். அதனால்தான் பல முறை முயன்ற பிறகு ஓடுகிறது.

வாங்கும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது அதற்கு மேல்: 6.3 இருந்த இடத்தில் 10 போடலாம், குறைக்கக் கூடாது. '105 டிகிரி, லோ இஎஸ்ஆர்' (உள் தடை குறைந்தது) என்று கேட்டு வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் போடுகிற சாதாரண ரகம் அளவில் பொருந்தும், சில மாதத்தில் அதுவும் உப்பும். 8 மில்லிமீட்டர் விட்டமா 10-ஆ என்று அளந்துகொண்டு போங்கள். கால்களின் இடைவெளி 3.5, 5 என்று மாறும். உப்பிய நான்கை மட்டும் மாற்றாமல் அந்த வரிசை முழுவதையும் மாற்றுவதே நல்லது.

கழற்றும்முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கெபாசிட்டரில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். போர்டில் நிழலிட்ட அரைவட்டம் பெரும்பாலும் நெகட்டிவைக் காட்டும், ஆனால் தலைகீழாக அச்சிட்ட போர்டுகளும் உண்டு. 25 வாட் சால்டரிங் அயர்ன் இதற்குப் பற்றாது. போர்டுக்குள் இருக்கும் செம்புத் தகடு சூட்டை உறிஞ்சிவிடும். 60 வாட்டாவது வேண்டும். பழைய ஈயத்தின்மேல் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து, ஒரு காலைச் சூடாக்கி அந்தப் பக்கம் சாய்த்து, மறுகாலைச் சூடாக்கி இந்தப் பக்கம் சாய்த்து மெல்ல வெளியே எடுங்கள். இழுத்தால் துளைக்குள் இருக்கும் செம்புக் குழாயும் கூடவே வந்துவிடும், அப்புறம் போர்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான். அடைபட்ட துளையைச் சூடாக்கி, மரப் பல்குத்தியை நுழைத்தால் திறந்துகொள்ளும்.

இவ்வளவும் செய்து பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே மாட்டினால், அதுவும் கெட்டிருந்தால் பயனில்லாமல் போகலாம். வேறொன்றை மாட்டிப் பாருங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். அதன் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

கேள்வி: டிடிஆர்2 ரேம் வாங்கினேன். ஸ்லாட்டில் உட்காரவில்லை. (சேலம் வாசகர்)

பதில்: உங்கள் போர்டு டிடிஆர்1. அதற்கு 184 முனை, 2.5 வோல்ட், வாங்கியது 240 முனை, 1.8 வோல்ட். ரேமின் அடியிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதே தப்பாகச் செருகாமல் தடுக்கத்தான். அழுத்தாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: இரண்டாவது ஐடிஇ (அகலப் பட்டை கேபிளில் மாட்டும் பழைய வகை) ஹார்ட் டிஸ்க் மாட்டினால் இரண்டுமே தெரிவதில்லை. (ஈரோடு வாசகர்)

பதில்: இரண்டிலும் ஜம்பர் (டிஸ்க்கின் பின்பக்க முனைகளில் செருகும் சிறு இணைப்பு) மாஸ்டரில், அதாவது முதல் டிஸ்க் என்ற நிலையில், இருக்கும். ஒரே கேபிளில் ஒரு மாஸ்டர், ஒரு ஸ்லேவ் (இரண்டாவது டிஸ்க்) தான். 80 கம்பி கேபிளில் நீல முனை போர்டுக்கு, கடைசியிலுள்ள கறுப்பு மாஸ்டருக்கு, நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. சிவப்புக் கோடு போட்ட ஓரம் 1-ம் முனைப் பக்கம். டிஸ்க்குகளில் அது பொதுவாக பவர் கனெக்டரை ஒட்டியே இருக்கும்.

கேள்வி: சாக்கெட் 478-இல் (பெண்டியம் 4 பிராசசர் பொருந்தும் சாக்கெட்) ஹீட்சிங்க்கை, அதாவது பிராசசர் மேலுள்ள சூடு தணிக்கும் உலோகக் கட்டியை, தூக்கினேன், பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது! (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்ததன் வேலை. பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்திருக்கிறது, ஆகவே முதலில் முனைகளைப் பாருங்கள். வளைந்ததை 0.5 லெட் பென்சிலின் வெற்று நுனிக்குள் விட்டு மெதுவாக நிமிர்த்தலாம். சாக்கெட்டின் லிவரைத் தூக்கிவிட்டு, மூலைக் குறியைப் பொருத்தி வையுங்கள். தானே இறங்க வேண்டும். அடுத்த முறை பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறுவதற்குள் கிளிப்பைத் தளர்த்தி, ஹீட்சிங்க்கை இடம் வலமாக லேசாகத் திருகிய பிறகே தூக்குங்கள்.